சில்டெனாபிலா, தடலாபிலா, வார்டெனாபிலா: சலரோகமும் பிரஷரும் உள்ளவருக்கு எது பொருந்தும்?

வாவிக்கரை (மட்டக்களப்பு) கேட்கிறார்:

விறைப்புக் குறைபாட்டுக்கு டொக்டர்மார் எழுதுற குளிசைகளைப் பற்றி விளக்கமாத் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஆளுக்கு 54 வயது. கிளினிக் கொப்பியில இருக்கிறது இவ்வளவுதான்: மெட்போமின் 500 காலையும் இரவும், லொசாட்டன் 50, அட்டோர்வஸ்டட்டின் 20, புரஸ்டேட்டுக்கு இரவில டம்சுலோசின் 0.4. நெஞ்சுவலி வந்ததில்ல. சில்டெனாபில் 50 மி.கி எழுதிக் குடுத்திருக்கு. சில நாள் நல்லா வேலை செய்யுது, சில நாள் போட்டதும் ஒண்டு, போடாததும் ஒண்டு. ஒரு பாமசியில "100 போடுங்க" எண்டாங்க, இன்னொண்டில "தடலாபில்தான் பவர் கூட" எண்டாங்க. உண்மையில எது பவர் கூட? மாறுறதெண்டா எதைப் பார்த்து மாறணும்?

பாமசி_மேசை (கல்லடி):

பவர் கூட, குறைய எண்டு பார்க்கிற கணக்கை முதல்ல விடுங்க அண்ணன். நாலு மருந்து இருக்கு: சில்டெனாபில் (வயக்ரா எண்டு 1998இல வந்தது), வார்டெனாபில் (லெவிட்ரா), தடலாபில் (சியாலிஸ்), கடைசியா 2012இல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச அவனாபில். நாலும் ஒரே வேலையைத்தான் செய்யுது. ஆசை வந்ததும் ஆணுறுப்பு நரம்பு நைட்ரிக் ஒக்சைட்டை வெளிவிடும், அதால சிஜிஎம்பி எண்ட பொருள் உண்டாகி இரத்தக்குழாய் தளரும், இரத்தம் நிறையும். பிடிஈ-5 எண்ட நொதியம் அந்த சிஜிஎம்பியை உடைச்சுப் போடும். குளிசை இந்த நொதியத்தைத் தடுக்குது, அவ்வளவுதான். ஆசையும் தொடுகையும் இல்லாட்டி உடைக்கிறதுக்கே ஒண்டும் இல்ல, குளிசை சும்மா கிடக்கும். போட்டுட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தா எதுவும் நடக்காது.

மி.கி கணக்கை ஒண்டோடொண்டு ஒப்பிடக்கூடாது. சில்டெனாபில் 50, தடலாபில் 10, வார்டெனாபில் 10, அவனாபில் 100 எல்லாம் ஏறத்தாழ ஒரே படி. அதுக்கு மேல சில்டெனாபில் 100, தடலாபில் 20, வார்டெனாபில் 20, அவனாபில் 200. இவைதான் உச்ச அளவு, ஒரு நாளைக்கு ஒருக்காத்தான். தடலாபில் 20 எண்டதைப் பார்த்து "அஞ்சு மடங்கு குறைவு" எண்டு நினைச்சு அஞ்சு குளிசை விழுங்கினா முடிவு ஆஸ்பத்திரிதான்.

வித்தியாசம் நேரத்தில இருக்கு. சில்டெனாபில் வெறும் வயிற்றில 30 நிமிடத்தில இருந்து 2 மணித்தியாலத்துக்குள்ள இரத்தத்தில உச்சத்துக்கு வரும், பெரும்பாலும் 1 மணித்தியாலம். உடம்பில பாதியாகக் குறைய 4 மணித்தியாலம் எடுக்கும். வார்டெனாபிலும் இதே கதை, 4 தொடக்கம் 5 மணித்தியாலம். அவனாபிலுக்கு 15 தொடக்கம் 30 நிமிடம் முன்னம் போட்டாலும் காணும், அதுதான் அதுக்குரிய ஒரே தனி நன்மை. இங்கத்தே பாமசிகளில அதைத் தேடி அலையத் தேவையில்ல. தடலாபில் உச்சத்துக்கு வர சராசரியா 2 மணித்தியாலம், ஆனா பாதியாகக் குறைய 17.5 மணித்தியாலம். அதாலதான் 36 மணித்தியாலம் வரைக்கும் பலன் இருக்கு. சனி பின்நேரம் போட்டா ஞாயிறு இரவிலும் பலன் நிற்கும். 36 மணித்தியாலம் விறைச்சபடி நிற்கும் எண்டு அர்த்தமில்ல, அந்த இடைவெளிக்குள்ள ஆசை வந்தா உடம்பு கேட்கும் எண்டுதான்.

இனி உங்கட ஆளுக்கு "சில நாள் வேலை செய்யுது, சில நாள் இல்ல" எண்டதுக்கு வருவம். முதல்ல கேட்க வேண்டியது, அந்தச் சில நாளில ராச்சாப்பாடு என்ன? கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு சில்டெனாபில் போட்டா உச்சத்துக்கு வாறது 1 மணித்தியாலம் பிந்தும், உச்ச அளவும் 29 வீதம் போலக் குறையும். கொத்து, புரியாணி, ஒரு சட்டி எருமைத் தயிரும் பாணியும் சாப்பிட்டுட்டு உடனே 50 போட்டா, உடம்புக்குக் கிடைக்கிறது 35 போட்ட ஆளின்ட உச்சம், அதுவும் ரெண்டு மணித்தியாலம் கழிச்சு. அதுக்குள்ள ஆள் நித்திரை. வார்டெனாபிலும் கொழுப்போட இழுபடும். தடலாபிலுக்குச் சாப்பாடு கணக்கே இல்ல.

அதால 100க்கு ஏற முதல், இருக்கிற 50ஐ ஒழுங்கான முறையில போட்டுப் பார்க்கணும். சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலமாவது போகட்டும், அல்லது இலேசான சாப்பாடு. பிறகு குளிசை, பிறகு ஒரு மணித்தியாலம். அப்பிடி நாலஞ்சு தரம் பார்த்தும் காணாட்டித்தான் அளவு கூட்டுறதைப் பற்றி டொக்டரோட கதைக்கணும். உச்ச அளவில, சரியான முறையில, ஆறு தொடக்கம் எட்டுத் தரம் போட்டும் சரிவராட்டித்தான் அந்த மருந்து தோத்தது எண்டு சொல்லலாம். ஒருக்கா போட்டுட்டு "சரியில்ல" எண்டு மாத்துற ஆக்கள்தான் கூட.

நெய்தல் (கல்முனை):

மேல சொன்னது சரி. ஆனா டம்சுலோசினைப் பற்றி ஒருத்தரும் கதைக்கல்ல. எந்தக் குளிசை எண்டு பார்க்க முதல் கிளினிக் கொப்பியைத்தான் விரிக்கணும்.

கொப்பியில நெஞ்சுவலிக்குக் குடுக்கிற நைட்ரேட் இருந்தா இந்த நாலில ஒண்டும் தொடவே கூடாது. ஐசோசோபைட் மொனோநைட்ரேட், ஐசோசோபைட் டைநைட்ரேட், நாக்குக்குக் கீழே வைக்கிற ஜிடிஎன், எல்லாம் நைட்ரேட்தான். நிக்கோரண்டிலும் அந்தக் கூட்டம். ரெண்டும் சேர்ந்தா பிரஷர் ஒரேயடியா விழும், மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போகாது. "நான் தினம் போடுறதில்ல, நெஞ்சு நோவு வந்தா மட்டும்தான் வைக்கிறன்" எண்டு சொல்ற ஆளுக்குத்தான் ஆபத்து கூட. சில்டெனாபிலோ வார்டெனாபிலோ போட்டு 24 மணித்தியாலம், தடலாபில் எண்டா 48 மணித்தியாலம் நைட்ரேட் குடுக்க ஏலாது.

இதுக்குள்ள ஒரு விசயம் ஒளிஞ்சிருக்கு. தடலாபில் நீளமா நிக்கிறது நல்லது எண்டு எல்லாரும் சொல்றாங்க. ஆனா நெஞ்சுவலி வந்து 1990 சுவசெரிய அம்புலன்சில ஏத்தினா, அந்த 48 மணித்தியாலமும் அவசர மருந்தில ஒண்டு கையை விட்டுப் போகுது. சலரோகமும் 54 வயதும் உள்ள ஆளுக்கு இது சின்ன விசயமில்ல. நெஞ்சு நோவு வந்தா வெட்கத்தை விட்டுப்போட்டு, எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு எண்டு அம்புலன்ஸ் ஆக்களுக்கும் ஆஸ்பத்திரியிலயும் சொல்லணும். மனிசிக்கும் தெரிஞ்சிருக்கணும், ஆள் மயங்கிக் கிடந்தா சொல்றது அவதான்.

அடுத்தது அல்பா புளொக்கர். பிரஷருக்குக் குடுக்கிற பிரசோசின், புரஸ்டேட்டுக்குக் குடுக்கிற டம்சுலோசின், அல்புசோசின். இவை நைட்ரேட் மாதிரி முழுத் தடை இல்ல. ஆனா எழும்பி நிக்கேக்க தலை சுத்தி விழுத்தும். டம்சுலோசின் மற்றதுகளை விட இதில கொஞ்சம் நல்லம், பிரசோசின்தான் கள்ளன். முறை இதுதான்: அல்பா புளொக்கர் ஒரே அளவில சில கிழமை ஓடி உடம்பு பழகியிருக்கணும். அதுக்குப் பிறகு சில்டெனாபில் 25இல தொடங்கணும், 50இல இல்ல. ரெண்டுக்கும் இடையில 4 மணித்தியாலமாவது விடணும். உங்கட ஆள் இரவுச் சாப்பாட்டோட டம்சுலோசினைப் போட்டு, ஒரு மணித்தியாலத்தில சில்டெனாபிலும் போட்டா ரெண்டும் சேர்ந்து பிரஷரை இறக்கும். டம்சுலோசினைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்தலாமா எண்டு எழுதின டொக்டரிட்டக் கேளுங்க. இராத்திரி எழும்பி மூத்திரம் போகேக்க கட்டிலில ஒரு நிமிசம் இருந்துட்டு எழும்பச் சொல்லுங்க.

லொசாட்டன், மெட்போமின், அட்டோர்வஸ்டட்டினால பெரிய பிரச்சினை இல்ல. அம்லோடிபின் இருந்தா பிரஷர் இன்னும் கொஞ்சம் இறங்கும், அது பெரும்பாலும் தாங்கக்கூடியது.

எல்லாரும் மறக்கிறது தற்காலிக மருந்து. படைக்கு, தேமலுக்கு எண்டு இட்ராகொனசோல் காட் ஒண்டு ஓடிக்கொண்டிருக்கும், சளிக்குக் கிளரித்ரோமைசின் அல்லது எரித்ரோமைசின் எழுதியிருக்கும். ஈரல் இந்தக் குளிசைகளை உடைக்கிற வழியை இவை அடைச்சுப்போடும், 50 போட்டா 100க்கு மேல போட்ட மாதிரி ஏறும். அந்த நாட்களில சில்டெனாபில் 25, அல்லது ஒண்டும் வேண்டாம். தடலாபில் எண்டா 72 மணித்தியாலத்துக்கு 10க்கு மேல வேண்டாம். சிறுநீரகம் பழுதான ஆளுக்கும் மருந்து வெளியேறாமல் நிக்கும், சலரோகக்காரர் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுது எண்டு காட்டுற ஈஜிஎப்ஆர் இலக்கத்தை டொக்டரிட்டக் காட்டாமல் அளவு கூட்டக் கூடாது. 30க்குக் கீழ எண்டா தடலாபிலைத் தினம் போடுற முறை இல்லவே இல்ல.

அக்கரைக்காக்கா (அக்கரைப்பற்று):

நோன்பு காலத்துக்கு எது வசதி? நோன்பு திறந்து கஞ்சி, சோறு எல்லாம் முடியத் தராவீஹ் தொழுது வர பத்தரை. மற்றது, வெளிநாட்டுல இருந்து வாறவங்க இந்த விசயத்துக்கு எண்டு கொண்டு வாற தேன் பக்கட் இருக்கே, "முழுக்க இயற்கை" எண்டு எழுதியிருக்கு. பிரஷர் ஆளுக்கு அது நல்லமில்லையா? குளிசையை விடப் பக்கவிளைவு குறைவுதானே?

பாமசி_மேசை:

காக்கா, தேன் பக்கட்டைத் தொடாதீங்க. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எப்டிஏ 2022இல இப்பிடியான தேன்களைப் பரிசோதிச்சு, லேபலில சொல்லாத சில்டெனாபிலும் தடலாபிலும் கலந்திருக்கு எண்டு எச்சரிக்கை விட்டது. குளிசையில 50 எண்டா 50. பக்கட்டில எவ்வளவு எண்டு பக்கட் செய்தவனுக்கே தெரியாது. நைட்ரேட் போடுற ஆள் "தேன்தானே" எண்டு குடிச்சா என்ன நடக்கும் எண்டு நெய்தல் மேல எழுதியிருக்கார். "நரம்புத்தளர்ச்சிக்கு" எண்டு போஸ்டர் ஒட்டி விக்கிற லேகியத்துக்கும் இதே பதில். குடிச்ச அரை மணித்தியாலத்தில முகம் சிவந்து மூக்கு அடைச்சா, அது மூலிகையின்ட வேலை இல்ல.

நோன்புக்கு: தேங்காய்ப்பாலும் இறைச்சியும் போட்ட கஞ்சி கொழுப்புச் சாப்பாடுதான். ஏழு மணிக்குள்ள சாப்பாடு முடிஞ்சா, தொழுது வந்து பத்தரைக்குச் சில்டெனாபில் போடலாம், வயிறு இறங்கியிருக்கும். தடலாபில் எண்டா நோன்பு திறந்து தண்ணி குடிச்ச பிறகே போடலாம். ஒரு கவனம், பகல் முழுக்கத் தண்ணி இல்லாம இருந்த உடம்பு, பிரஷர் ஏற்கனவே இறங்கியிருக்கும். நல்லாத் தண்ணி குடிச்ச பிறகுதான் எந்தக் குளிசையும்.

வாவிக்கரை:

நன்றி. டம்சுலோசினோட சேர்த்துப் போடுறது பற்றி இதுக்கு முதல் கிளினிக்கிலயோ பாமசியிலயோ ஒருத்தரும் சொல்லியிருக்கல்ல. தடலாபில் 5 மி.கி தினம் போட்டா புரஸ்டேட்டுக்கும் நல்லது எண்டு படிச்சன். அப்ப டம்சுலோசினை நிப்பாட்டிட்டு அதுக்கு மாறினா ஒரே கல்லில ரெண்டு மாங்காய்தானே? பக்கவிளைவு எப்பிடி?

நெய்தல்:

நினைப்பு நல்லம் தம்பி, ஆனா நீங்களா மாத்தாதீங்க. தடலாபில் 5ஐப் புரஸ்டேட் வீக்கத்துக்கு அமெரிக்காவில 2011இல அனுமதிச்சது உண்மை. மூத்திரச் சிரமமும் விறைப்புக் குறைபாடும் சேர்ந்திருக்கிற ஆளுக்கு யூரோலொஜி டொக்டர் யோசிக்கக்கூடிய வழிதான் அது. தினம் ஒரே நேரத்தில போடணும், அஞ்சாவது நாளளவில இரத்தத்தில அளவு நிலையா நிக்கும். பிறகு நேரம் பார்க்கிற வேலை இல்ல. டம்சுலோசினையும் இதையும் சேர்த்து ஓட விடுறதுதான் தவிர்க்க வேண்டியது. ஆனா தினக் குளிசை எண்டா எந்த நாளும் மருந்து உடம்பில இருக்கு, நைட்ரேட் குடுக்க ஏலாத நிலை நிரந்தரமா இருக்கு. அதால தொடங்க முதல் ஈசிஜியும் இதயம் பற்றிய கேள்வியும் முடியணும். 1.6 கிலோமீற்றரை 20 நிமிசத்தில நெஞ்சு இறுக்கமோ மூச்சு முட்டலோ இல்லாம நடக்க முடிஞ்சா, உடலுறவு கேட்கிற அளவு உழைப்பை இதயம் தாங்கும் எண்டு ஒரு பருமட்டான கணக்கு. மாரடைப்போ பக்கவாதமோ வந்து 6 மாசத்துக்குள்ள, பிரஷர் 90/50க்குக் கீழ அல்லது 170/110க்கு மேல எண்டா குளிசைக் கதையே இல்ல.

பக்கவிளைவு: தலையிடி, முகம் சிவக்கிறது, மூக்கடைப்பு, நெஞ்செரிவு நாலுக்கும் பொது. சில்டெனாபிலில கொஞ்சப் பேருக்கு நீலநிறம் கலந்த மாதிரித் தெரியும், கண்ணில உள்ள பிடிஈ-6 எண்ட இன்னொரு நொதியத்தையும் அது தொடுறதால. சில மணித்தியாலத்தில போயிரும். தடலாபிலுக்கு நாரிநோவும் தசைநோவும், போட்டு 12 தொடக்கம் 24 மணித்தியாலம் கழிச்சு வரும், ரெண்டு நாளில மாறும். வயல்வேலை, கடல்வேலை செய்ற ஆக்கள் இதை வேலை நோவு எண்டு நினைக்கிறது வழமை. வார்டெனாபில் இதயத்துடிப்புத் தாளம் பிழைக்கிற ஆளுக்கு, அதுக்கு அமியோடரோன் போடுற ஆளுக்கு வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரி போகவேண்டியது மூண்டு: 4 மணித்தியாலத்துக்கு மேல விறைச்சபடி நிண்டா, ஒரு கண்ணில திடீரெண்டு பார்வை போனா, திடீரெண்டு காது கேட்காம விட்டா. முதலாவதுக்கு விடியும் வரைக்கும் பார்ப்பம் எண்டு இருக்கக்கூடாது. உள்ள இரத்தம் தேங்கி ஒட்சிசன் இல்லாம தசை செத்துப்போகும், பிறகு எந்தக் குளிசையாலயும் விறைப்பு வராது.

கடைசியா ஒண்டு. 50 சில நாள் வேலை செய்யாததுக்குச் சாப்பாடு மட்டும் காரணமாயிருக்கத் தேவையில்ல. சலரோகத்தில நரம்பு நைட்ரிக் ஒக்சைட்டை விடுறதே குறைஞ்சிருக்கும், அப்ப குளிசைக்குப் பிடிச்சு நிக்க ஒண்டும் இல்ல. மூண்டு மாசச் சராசரிச் சீனி, அதான் எச்பிஏ1சி, எவ்வளவு எண்டு பாருங்க. ஆசையே குறைஞ்சிருந்தா காலை 8க்கும் 10க்கும் இடையில டெஸ்டஸ்டெரோன் எடுக்கச் சொல்லுங்க, பின்நேரம் எடுத்த அளவை வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. சிகரட் இருந்தா அதை விடுறது குளிசை அளவைக் கூட்டுறதை விட லாபம். ஆணுறுப்பின்ட நாடி இதயநாடியை விட ஒடுக்கம், அடைப்பு முதல்ல அங்கதான் தெரியும். நெஞ்சுவலி வாறதுக்குச் சில வருசம் முன்னமே விறைப்பு குறையிறது அதாலதான். டொக்டர் கொலஸ்ரோலும் ஈசிஜியும் எழுதினா, சுத்தி வளைக்கிறார் எண்டு நினைக்காதீங்க.

வாவிக்கரை:

விளங்கிட்டு. பெரியாஸ்பத்திரி கிளினிக்கில இதைக் கேட்க ஏலுமா, இல்லாட்டி தனியார் ஆஸ்பத்திரியில காசு கட்டிச் சனல் பண்ணணுமா? 100 மி.கி குளிசையைப் பாதியா உடைச்சுப் போடலாமா? 50க்கும் 100க்கும் விலை வித்தியாசம் பெரிசா இல்ல.

பாமசி_மேசை:

கிளினிக்கில கேட்கலாம். சனம் கூட, பின்னால நிக்கிறவருக்குக் கேட்கும் எண்டுதான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வாறாங்க. ஒரு வழி: கொப்பிக்குள்ள ஒரு சின்னத் துண்டில "விறைப்புப் பிரச்சினை, சில்டெனாபில் 50 போடுறன், டம்சுலோசினோட சரியா?" எண்டு எழுதி வச்சுக் குடுங்க, டொக்டர் கொப்பி திறக்கேக்க காண்பார். கிளினிக் டொக்டருக்கு உங்கட முழு மருந்தும் தெரியும். தனியா சனல் பண்ணினா கொப்பியைக் கொண்டுபோகாம போகாதீங்க.

உடைக்கலாம். சாதாரண சில்டெனாபில் 100ஐப் பாமசியில விக்கிற குளிசை வெட்டியால நடுவில வெட்டினா 50, 50 வரும். கத்தியால வெட்டினா ஒரு பக்கம் 60, மற்றப் பக்கம் தூள். நாலாக வெட்ட வேண்டாம். மிச்சப் பாதியை மூடியுள்ள போத்தலில ஈரம் படாம வச்சு அடுத்த முறை முதல்ல அதை முடியுங்க. டபொக்செடின் சேர்ந்த ரெட்டைக் குளிசையை, அதாவது சில்டெனாபில் 100 டபொக்செடின் 60 எண்டு வாறதை, சில்டெனாபில் எண்டு நினைச்சு வாங்கி உடைக்காதீங்க. அது விந்து முந்திறதுக்கானது, தலை சுத்தி மயங்கி விழுத்தும், டம்சுலோசின் ஆளுக்கு இன்னும் மோசம்.

வாங்கேக்க கடதாசி உறைக்குள்ள உதிரியாப் போட்டுத் தந்தா எடுக்காதீங்க. காட்டைக் காட்டச் சொல்லுங்க. காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் காட்டின்ட ஒரு ஓரத்தில மட்டும்தான் அடிச்சிருக்கும், ரெண்டு குளிசைக்கு வெட்டித் தரேக்க அந்த ஓரம் பாமசியிலயே நிண்டுபோகும். வெட்ட முதல் அந்த ஓரத்தை வாசிச்சுப்போட்டு, மற்றப் பக்கத்தில இருந்து வெட்டச் சொல்லுங்க.